கெளிற்று மீனுக்கு எவ்வளவு தீன் வேண்டும்?



டார்ம்ஸ்டாட் கடைகளில் "வெல்ஸ்" என்று எழுதி விற்கும் மீனை நம்மவர்கள் பலரும் வாங்குகிறார்கள். அது நமது கெளிற்றின் உறவு. ஜேர்மனியில் வளர்க்கப்படுவது பெரும்பாலும் ஆபிரிக்கக் கெளிறு. வடக்கே மெக்லன்பூர்க் பகுதியில் இதற்கென மூடிய தொட்டிப் பண்ணைகள் இருக்கின்றன. இந்த மீனுக்கு 25 முதல் 30 பாகை வரையான சூடு வேண்டும். அதனால் சில பண்ணைகள் சாண எரிவாயு நிலையங்களில் மிஞ்சும் வெப்பத்தைக் கொண்டு தண்ணீரைச் சூடாக்குகின்றன.

மீன் தன் உடலைச் சூடாக வைத்திருக்கச் சக்தியைச் செலவழிப்பதில்லை. தண்ணீர் தாங்குவதால் உடலைச் சுமக்கும் வேலையும் குறைவு. கழிவு நைதரசனையும் பூ என்று நாம் சொல்லும் செவுள் வழியே அமோனியாவாக இலகுவில் வெளிவிடுகிறது. ஆகவே ஆடு மாடு கோழியை விடக் குறைந்த சக்தியில் வளர்கிறது. நன்றாக நடத்தப்படும் தொட்டிகளில் ஏறக்குறைய ஒரு கிலோ தீனுக்கு ஒரு கிலோ மீன் கிடைக்கும். இதைக் கேட்டு மலைக்க வேண்டாம். தீன் உலர்ந்தது, மீனில் பெரும்பங்கு தண்ணீர்.

அமெரிக்காவில் வளர்க்கும் கெளிற்று இனத்தில்தான் இந்தக் கணக்கை விரிவாகப் பார்த்திருக்கிறார்கள். ஒரு கிராம் புரதத்துக்கு 8.5 முதல் 9.5 கிலோகலோரி வரை சமிக்கக்கூடிய சக்தி இருக்க வேண்டும். ஒரு கிலோ தீனில் 320 கிராம் புரதம் என்றால், சக்தி ஏறக்குறைய 2,700 முதல் 3,000 கிலோகலோரி. ஆபிரிக்கக் கெளிறு இன்னும் கூடுதலாகப் புரதம் கேட்கும்; தொட்டித் தீனில் 40 வீதமளவில் போடுகிறார்கள்.

சக்தி குறைந்தால் மீன் புரதத்தையே எரித்துவிடும். விலை கூடிய புரதம் தசையாகாமல் விறகாகிறது. அமோனியாவும் கூடித் தண்ணீரைக் கெடுக்கிறது. சக்தி கூடினால் மீன் சீக்கிரமே வயிறு நிறைந்து தீனை விட்டுவிடும். வேண்டிய புரதம் போய்ச் சேராது, வயிற்றிலும் ஈரலிலும் கொழுப்புப் படியும். சமைக்கும்போது சட்டியில் நெய் மிதக்கும் மீனைப் பார்த்திருப்பீர்கள், அது இப்படியும் வரலாம்.

கெளிறு சோளம், கோதுமை மாப்பொருளை ஓரளவு நன்றாகவே சமிக்கும். ஆகவே சக்தியின் ஒரு பங்கை மலிவான தானியத்தால் கொடுக்கலாம். கொழுப்பு சேர்த்தால் அது பழுதாகாததாக இருக்க வேண்டும். காறலடித்த எண்ணெய் உயிர்ச்சத்து ஈ-யை அழித்து நோய்க்கு வழி விடும். குஞ்சுகளைப் பட்டினி போட்டாலோ ஒன்றையொன்று கடித்துத் தின்னும்.

ஊரில் மீன் குளம் போட இங்கிருந்து காசு அனுப்ப நினைக்கும் குடும்பங்கள் இதைக் கவனிக்க வேண்டும். செலவில் பாதிக்கு மேல் தீனுக்கே போகும். கோழிக்கழிவு போட்டால் மலிவுதானே என்பார்கள். தமிழ்நாட்டில் ஆபிரிக்கக் கெளிற்றை அப்படிக் கள்ளமாக வளர்த்துத்தான் பிரச்சினையானது. அது தப்பி ஆற்றில் இறங்கினால் நாட்டு மீன்களைத் தின்றுவிடும். இந்தியாவில் அதன் வளர்ப்புக்குத் தடை உண்டு. 2019இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயமும் இதில் உத்தரவு போட்டது. இலங்கையிலும் காசு அனுப்ப முன், எந்த இனத்தை வளர்க்கலாம் என்று நக்டா எனப்படும் அரச நீருயிரின வளர்ப்பு அதிகாரசபையிடம் உறவினரைக் கேட்கச் சொல்லுங்கள். தீன் கணக்கை அதற்குப் பிறகு பார்க்கலாம்.