கையில் இரும்பு வாணலி, பையில் ஆட்டு வைத்தியப் புத்தகம்... சூனியக்காரி ஆன ஒன்பது வயது டிஃபனி!

ஆற்றங்கரையில் ஒரு சிறுமியும் அவளுடைய குட்டித் தம்பியும். திடீரென்று தண்ணீருக்குள் இருந்து பச்சைப் பற்களும் நீளமான கைகளும் கொண்ட ஏதோ ஒன்று தாவுகிறது. தம்பியைத் தூக்கிக்கொண்டு ஓட்டமாக ஓடுகிறாள் அவள்.

வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம் சொல்லி அழவில்லை. தேவதைக் கதைப் புத்தகத்தைப் புரட்டி, அந்தப் பிசாசு எது என்று தேடுகிறாள். அதன் கண்கள் சூப் தட்டு அளவுக்கு இருக்கும் என்று போட்டிருக்கிறது. உடனே சமையலறைக்குப் போய் ஒரு சூப் தட்டை அளந்து பார்க்கிறாள். எட்டு அங்குலம். சரியாகத்தான் இருக்கிறது. பிறகு ஒரு பை மிட்டாயும் கனமான இரும்பு வாணலியும் எடுத்துக்கொண்டு ஆற்றங்கரைக்குத் திரும்புகிறாள். மிட்டாய், தம்பி ஓரிடத்தில் உட்கார்ந்திருப்பதற்காக. தம்பி, பிசாசு வெளியே வருவதற்காக. வாணலி எதற்கு என்று சொல்ல வேண்டியதில்லை!

தம்பியைத் தூண்டிலில் புழுவாக மாட்டும் அக்காவை எந்தச் சிறுவர் கதையில் பார்த்திருக்கிறீர்கள்? அவள் பெயர் டிஃபனி ஏக்கிங். வயது 9. 2003-ல் வெளிவந்த ‘தி வீ ஃப்ரீ மென்’ நாவலின் கதாநாயகி. உருவாக்கியவர் இங்கிலாந்தின் டெர்ரி பிராட்செட்.

பிராட்செட் 17 வயதில் உள்ளூர்ப் பத்திரிகையில் நிருபராகச் சேர்ந்து, பிறகு மின்சார வாரியத்தில் செய்தித் தொடர்பு அதிகாரியாக இருந்து, அதன் பின் முழுநேர எழுத்தாளர் ஆனவர். அவருடைய ‘டிஸ்க்வேர்ல்ட்’ வரிசையில் மொத்தம் 41 நாவல்கள். தட்டையான ஓர் உலகம், அதைத் தாங்கும் நான்கு யானைகள், யானைகளைத் தாங்கியபடி விண்வெளியில் நீந்தும் மாபெரும் ஆமை. திக்கஜங்களையும் கூர்மத்தையும் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த உலகம் அவ்வளவு அந்நியமாக இருக்காது. அந்த 41-ல் ஐந்து நாவல்கள் டிஃபனியுடையவை. இளையோருக்காக எழுதப்பட்டவை. மற்ற 36-ஐப் படிக்காமலே இவற்றைப் படிக்கலாம்.

அடுப்பை அளந்து பார்த்தவள்

இளையோர் ஃபேன்டசி என்றாலே ஒரு ஃபார்முலா உண்டு. நாயகி பிறக்கும்போதே ஒரு தீர்க்கதரிசனம் இருக்கும். ஒரு ராஜரகசியம் இருக்கும். தகுந்த வயதில் யாரோ ஒரு தாத்தா வந்து ‘உலகைக் காக்கப்போவது நீதான்’ என்பார். டிஃபனிக்கு இதெல்லாம் எதுவும் கிடையாது. குத்தகை நிலத்தில் ஆடு வளர்க்கும் குடும்பத்தின் பெண். வெண்ணெய் கடைவதும் பாலாடைக்கட்டி செய்வதும் அவள் வேலை, அதில் கெட்டிக்காரி. ஊர் ஊராக வரும் ஆசிரியர்களுக்கு முட்டையும் காய்கறியும் கொடுத்துத்தான் அங்கே பிள்ளைகள் பாடம் கற்கிறார்கள்.

அவள் ஏன் சூனியக்காரி ஆக ஆசைப்படுகிறாள் என்பதில்தான் இந்தக் கதையின் உயிர் இருக்கிறது.

அந்த ஊரில் ஸ்னாப்பர்லி என்று ஒரு கிழவி தனியாக வாழ்ந்தாள். பல் இல்லை. தனக்குத்தானே பேசிக்கொள்வாள். பண்ணையாரான பேரனின் மகன் ரோலண்ட் ஒருநாள் காணாமல் போகிறான். கதைப் புத்தகங்களில் சூனியக்காரி எப்படி இருப்பாளோ அப்படியே இருக்கிறாளே இந்தக் கிழவி என்று ஊருக்குச் சந்தேகம். அவள் குடிசையைக் கொளுத்துகிறார்கள். யாரும் அவளைத் தங்கள் வீட்டில் சேர்க்கவில்லை. அந்தக் குளிர்காலத்தில் அவள் செத்துப்போகிறாள்.

டிஃபனி அந்தக் கிழவியின் அடுப்பைப் போய் அளந்திருக்கிறாள். ஒரு முழுப் பையனை வைத்து வேகவைக்கும் அளவுக்கு அது பெரிதாக இல்லை. ஊரில் வேறு யாருக்கும் அளந்து பார்க்கத் தோன்றவில்லை. இனிமேல் இந்த ஊரில் எந்தக் கிழவிக்கும் இப்படி நடக்கக் கூடாது, அதற்கு நானே சூனியக்காரியாக இருந்துவிடுகிறேன் என்று முடிவெடுக்கிறாள் அந்தப் பெண்.

சிரிக்கச் சிரிக்கப் போய்க்கொண்டிருக்கும் நாவல், இந்த இடத்தில் சட்டென்று தொண்டையை அடைக்கும்.

தமிழில் ‘சூனியக்காரி’ என்றால் கெடுதல் செய்பவள் என்ற ஒரே அர்த்தம்தான். பிராட்செட்டின் சூனியக்காரி நம் கிராமத்து மருத்துவச்சிக்குத்தான் நெருக்கமானவள். பிரசவம் பார்ப்பாள். சாகக் கிடப்பவர்கள் பக்கத்தில் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருப்பாள். குனிய முடியாத முதியவர்களின் கால் நகத்தை வெட்டிவிடுவாள். மந்திரம் தெரியும், ஆனால் முடிந்தவரை பயன்படுத்த மாட்டாள். இரண்டாவது நாவலில், பயிற்சிக்குப் போகும் டிஃபனிக்கு இதுதான் பெரிய ஏமாற்றம். மந்திரக்கோல் சுழற்றக் கற்றுக்கொள்ளலாம் என்று போனால், வீடு வீடாகப் போய்க் கிழவர்களின் புலம்பலைக் கேட்கச் சொல்கிறார்கள்!

பீங்கான் பொம்மை

டிஃபனிக்கு முன்மாதிரி அவளுடைய பாட்டி சாரா ஏக்கிங். மேய்ச்சல் மேட்டில், சக்கரம் வைத்த ஒரு குடிலில், தண்டர், லைட்னிங் என்ற இரண்டு நாய்களோடு வாழ்ந்த இடைச்சி. அதிகம் பேச மாட்டாள். அவள் மேல் எப்போதும் ஆட்டு வாடை, டர்பன்டைன் வாடை, மலிவான புகையிலை வாடை. பண்ணையாரே அவளிடம் பணிந்துதான் பேசுவார். கதை தொடங்கும்போது பாட்டி உயிரோடு இல்லை.

பாட்டி இருந்தபோது நடந்த ஒரு சின்னச் சம்பவம் டிஃபனியை உறுத்திக்கொண்டே இருக்கிறது. சந்தையில் அவளுக்கு ஒரு பீங்கான் பொம்மை பரிசாகக் கிடைத்தது. ரிப்பன் கட்டிய கோலோடு, கசங்காத கவுன் போட்ட அழகான இடைச்சி பொம்மை. ஆசை ஆசையாகப் பாட்டியிடம் கொடுத்துவிட்டாள். கொடுத்த பிறகுதான் உறைத்தது... பாட்டியின் உடுப்பு பழைய சாக்கு. காலில் கனத்த பூட்ஸ். கையெல்லாம் காய்ப்பு. ‘ஒரு இடைச்சி இப்படித்தான் இருக்க வேண்டும்’ என்று பாட்டியின் முகத்துக்கு நேரே சொல்லிக் காட்டியதாக ஆகிவிட்டதோ? பாட்டி ஒன்றும் சொல்லவில்லை. கேட்டுவிடலாம் என்று நினைப்பதற்குள் பாட்டி போய்விட்டாள்.

பாட்டி, தாத்தாவுக்கு ஏதோ கொடுத்து, அல்லது ஏதோ சொல்லி, பிறகு அதை நினைத்துக் கூசியவர்கள் எல்லா வீட்டிலும் உண்டு. டிராகன் வந்தால் வாணலி போதும், இதற்கு என்ன செய்வது? முதல் நாவலின் கடைசிப் பகுதியில் டிஃபனிக்கு ஒரு பதில் கிடைக்கிறது. அதை இங்கே சொல்லிவிட்டால் படிக்கும் சுகம் போய்விடும்.

அவள் புறப்படும் சாகசமும் இதே மாதிரி வீட்டுக் கதைதான். தம்பி வென்ட்வொர்த்தை மாயலோகத்து ராணி தூக்கிப்போகிறாள். அவனோ எப்போதும் பிசுபிசுவென்று மிட்டாய் ஒட்டிய கையோடு நச்சரிக்கும் பொடியன். அவனை டிஃபனிக்குப் பெரிதாகப் பிடிக்காது. அதை அவளே ஒப்புக்கொள்கிறாள். ஆனாலும் அவன் என் தம்பி, என்னுடையதை நீ எப்படி எடுக்கலாம் என்பதுதான் அவள் வழக்கு. பாசத்தைப் பொங்க வைத்திருந்தால்கூட இவ்வளவு நம்பும்படி இருந்திருக்காது. வாணலி, கொஞ்சம் நூல்கயிறு, பாட்டியின் ஆட்டு வைத்தியப் புத்தகம். இவ்வளவுதான் ஆயுதங்கள்.

துணைக்கு வருபவர்கள் ‘நாக் மாக் ஃபீகிள்’ கூட்டம். ஆறு அங்குல உயரம், நீல உடம்பு, சிவந்த தலைமுடி. குடி, திருட்டு, அடிதடி மூன்றும் குலத்தொழில். ஏற்கெனவே செத்துச் சொர்க்கத்துக்கு வந்துவிட்டோம், அது இந்த உலகம்தான் என்று நம்புகிறவர்கள் என்பதால் சாவுக்குப் பயம் இல்லை. அவர்களுக்கு ஒரே ஒரு பயம்தான். வக்கீல்! ஐந்து புத்தகங்களிலும் சிரிப்புக்கு இவர்கள் பொறுப்பு.

டிஃபனி ஜெயித்துத் திரும்புகிறாள். தம்பியோடு ரோலண்டையும் மீட்டுக்கொண்டு வருகிறாள். ஊர் என்ன பேசிக்கொள்கிறது தெரியுமா? பண்ணையாரின் பிள்ளை டிஃபனியைக் காப்பாற்றிவிட்டான் என்று! அவள் மறுபடி வெண்ணெய் கடையப் போகிறாள்.

வளரும் பெண், மங்கும் எழுத்தாளர்

ஒவ்வொரு நாவலிலும் டிஃபனிக்கு வயது ஏறுகிறது. ‘எ ஹேட் ஃபுல் ஆஃப் ஸ்கை’யில் (2004) 11 வயது. உடம்பில்லாத ஒரு பழைய ஆவி அவளுக்குள் புகுந்து, சவச் செலவுக்காக ஒரு முதியவர் சேர்த்து வைத்த காசை அவள் கையாலேயே திருட வைக்கிறது. ‘வின்டர்ஸ்மித்’தில் (2006) ஆடக் கூடாத நடனத்தில் அவள் குதித்துவிட, குளிர்காலமே அவள் மேல் காதல் கொண்டு அவள் உருவத்தில் பனித்துகள்களைப் பொழிகிறது. கேட்க அழகாக இருக்கிறது. அந்தப் பனியில் அப்பாவின் ஆட்டுக்குட்டிகள் சாகும்போதுதான் காதலின் லட்சணம் தெரிகிறது.

2007 டிசம்பரில், 59 வயதில், தனக்கு அல்சைமர் நோய் என்று பிராட்செட் அறிவித்தார். மூளையின் பின்பகுதியைத் தாக்கும் அரிய வகை. நினைவு இருக்கும், பேச்சு இருக்கும். ஆனால், கண் பார்ப்பதை மூளை ஒழுங்காகப் புரிந்துகொள்ளாது. அவரால் டைப் அடிக்க முடியாமல் போனது. குரலை எழுத்தாக்கும் மென்பொருளிடமும், உதவியாளர் ராப் வில்கின்ஸிடமும் வாயால் சொல்லிச் சொல்லி எழுதத் தொடங்கினார். நோயை மறைக்கவும் இல்லை. ஆராய்ச்சிக்காக 10 லட்சம் டாலர் நன்கொடை கொடுத்தார், மேடைகளில் பேசினார். 2009-ல் சர் பட்டம் கிடைத்ததும், விண்கல் இரும்பைச் சேர்த்துத் தனக்கென ஒரு வாளைத் தானே அடித்துக்கொண்டார்!

இந்தக் கட்டத்தில் வந்ததுதான் ‘ஐ ஷல் வேர் மிட்நைட்’ (2010). ஐந்தில் மிகக் கனமானதும், மிகச் சிறந்ததும் இதுவே. குடிகாரத் தகப்பன் ஒருவன், கர்ப்பமாக இருக்கும் 13 வயது மகளை அடித்து, குழந்தை கலைந்துவிடுகிறது. ஊரே கையில் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு அவனைத் தேடி வருகிறது. நடுவில் நிற்பவள் டிஃபனி. பெண்ணைக் காப்பாற்ற வேண்டும், பிறக்காத சிசுவைப் புதைக்க வேண்டும், அந்தக் கேடுகெட்டவன் கொலையாகாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். அவளுக்கே இன்னும் 16 வயது நிறைந்திருக்காது. ஸ்னாப்பர்லிக் கிழவியைக் கொன்ற அதே வெறுப்பு, இந்த முறை ஓர் உருவம் எடுத்து டிஃபனியைத் தேடி வருகிறது. அறிவியல் புனைகதை, ஃபேன்டசி எழுத்தாளர்கள் சங்கம் இளையோர் நாவல்களுக்குத் தரும் ஆண்ட்ரே நார்ட்டன் விருது இந்த நாவலுக்குக் கிடைத்தது.

கடைசிப் புத்தகம் ‘தி ஷெப்பர்ட்ஸ் கிரவுன்’. தலைப்புக்குக் காரணம், இங்கிலாந்தின் சுண்ணாம்பு மேடுகளில் கிடைக்கும் கடல் முள்ளெலி என்ற உயிரினத்தின் புதைபடிவம். மேய்ப்பர்கள் அதைப் பொறுக்கி வந்து அதிர்ஷ்டத்துக்காக ஜன்னலில் வைப்பார்கள். பிராட்செட் பிறந்து வளர்ந்ததும் கடைசிவரை வாழ்ந்ததும் அப்படிப்பட்ட சுண்ணாம்பு மண்ணில்தான்.

நாவலின் ஆரம்பத்திலேயே ஒரு மரணம். டிஸ்க்வேர்ல்டின் சூனியக்காரிகளிலேயே பெரியவளான கிரானி வெதர்வாக்ஸுக்குத் தன் நேரம் வந்துவிட்டது தெரிகிறது. அவள் அலட்டிக்கொள்ளவில்லை. வீட்டைத் துடைத்துச் சுத்தம் செய்கிறாள். தன்னைக் கிடத்தப்போகும் கூடையைத் தானே முடைகிறாள். குளித்துவிட்டு, தன் குடிசை டிஃபனிக்கு என்று சீட்டு எழுதி வைத்துவிட்டுப் படுத்துக்கொள்கிறாள். சாவு வாசலில் நிற்பது தெரிந்த ஒரு மனிதர், வேறொருவர் விரல்கள் தட்டச்சு செய்ய, வாயால் சொல்லி எழுதிய அத்தியாயம் இது என்பதை மறந்துவிட்டுப் படிப்பது கஷ்டம்.

2015 மார்ச் 12-ம் தேதி, 66 வயதில் பிராட்செட் மறைந்தார். புத்தகம் அந்த ஆகஸ்ட்டில் வந்தது. இன்னும் நேரம் கிடைத்திருந்தால் மேலும் செதுக்கியிருப்பார் என்று பின்னுரையில் வில்கின்ஸ் எழுதியிருக்கிறார். படிக்கும்போது அது தெரியத்தான் செய்கிறது. பின்பாதியில் சில கிளைக்கதைகள் அவசரமாக முடிகின்றன. முதல் சில அத்தியாயங்களுக்காக அதை மன்னிக்கலாம்.

முடிக்காத கதைகளை என்ன செய்வது என்றும் அவர் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார். அவர் விருப்பப்படி, 2017 ஆகஸ்ட்டில் டார்செட்டில் நடந்த நீராவி இயந்திரக் கண்காட்சியில், அவருடைய ஹார்டு டிஸ்க்கின் மேல் பழங்கால ரோடு ரோலரை ஏற்றி நசுக்கினார்கள். மகள் ரியானாவும் எழுத்தாளர்தான். டிஸ்க்வேர்ல்டை வேறு யாரும் தொடர மாட்டார்கள் என்று அவரும் சொல்லிவிட்டார். ஆக, டிஃபனிக்கு ஆறாவது நாவல் கிடையாது.

படிக்க நினைப்பவர்களுக்கு... வரிசை மாற்றாமல் முதல் புத்தகத்திலிருந்தே தொடங்குங்கள். ஃபீகிள்கள் பேசுவது ஸ்காட்லாந்து கொச்சை என்பதால் முதல் சில பக்கங்கள் தலை சுற்றும். வாய்விட்டுப் படித்தால் பிடிபட்டுவிடும். ஸ்டீபன் பிரிக்ஸ் குரலில் வந்த ஆடியோ புத்தகமும் கைகொடுக்கும். முதல் மூன்றும் 10 வயதுப் பிள்ளைகளுக்குத் தாராளமாகப் பொருந்தும். நான்காவதை மட்டும், பெரியவர்கள் முதலில் படித்துவிட்டுக் கையில் கொடுப்பது நல்லது.