மாடன் தம்புரானும் சாத்தான் பட்டமும்

2022 அக்டோபர் மாதம் கேரளத் தொலைக்காட்சிகளுக்குத் தூக்கமே இல்லை. மாதத்தின் நடுவில் பத்தனம்திட்டை மாவட்டம் எலந்தூரில் இரண்டு பெண்களை நரபலி கொடுத்த வழக்கு வெளியே வந்தது. அந்தச் சூடு ஆறுவதற்குள், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய பாறசாலையைச் சேர்ந்த கல்லூரி மாணவர் ஒருவர் காதலி கொடுத்த கஷாயத்தைக் குடித்து, மருத்துவமனையில் நாள்கணக்கில் கிடந்து இறந்துபோனார். பெண் வீடு எல்லைக்கு இந்தப் பக்கம், குமரி மாவட்டத்தில். ‘முதல் புருஷன் செத்துப்போவான் என்று ஜாதகத்தில் இருக்கிறதாம், அதற்காகப் பலி கொடுத்துவிட்டார்கள்’ என்ற பேச்சு இரண்டு மாநிலத்துச் செய்திகளிலும் ஓடியது. வழக்கு முடிவில் நின்றதோ பாராகுவாட் என்கிற களைக்கொல்லியும், வேறொருவருடன் நிச்சயமாகியிருந்த கல்யாணமும். 2025 ஜனவரி 20 அன்று நெய்யாற்றின்கரை கூடுதல் செஷன்ஸ் நீதிமன்றம் அந்தப் பெண்ணுக்குத் தூக்குத் தண்டனை விதித்தது.

அதே ஜனவரியில் அதே நெய்யாற்றின்கரையில் இன்னொரு பரபரப்பு. வயதான ஒருவர் ஜீவசமாதி அடைந்துவிட்டார் என்று சொல்லி, மகன்கள் யாருக்கும் காட்டாமல் கான்கிரீட் கல்லறை கட்டி மூடிவிட்டார்கள். ஊர்க்காரர்கள் புகார் கொடுத்தார்கள், உயர் நீதிமன்றம் வரை போனது, கல்லறை திறக்கப்பட்டது. பிரேதப் பரிசோதனை முடிந்ததும் அதே இடத்தில் சடங்குகளோடு மறுபடியும் சமாதி வைத்தார்கள். கொலையா, மந்திரவாதமா, பைத்தியமா என்று ஒரு வாரம் அலசித் தீர்த்த சேனல்கள் அடுத்த செய்திக்குப் போய்விட்டன.

இப்படி ஒவ்வொரு தடவையும் சந்தேகம் வந்து விழுவது எங்கே என்று பார்த்தால், தென்னந்தோப்பு ஓரத்தில் இருக்கும் காவுகள் மீதும் பீடங்கள் மீதும்தான். பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடையிலான கிராமங்களில் இவற்றுக்குப் பஞ்சமில்லை. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு, கல்குளம் தாலுகாக்கள் தமிழ்நாட்டுக்கு வந்தன, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றுவிட்டது. சாமிகள் மட்டும் எந்தப் பக்கத்துக்கும் குடிபெயரவில்லை. நாம் சுடலை மாடன் என்றால் அவர்கள் மாடன் தம்புரான் என்பார்கள். நாம் இசக்கி என்றால் அவர்கள் யட்சியம்மா என்பார்கள். கொல்லங்கோட்டுப் பத்ரகாளிக்குக் குழந்தைகளுக்கான வேண்டுதலான தூக்க நேர்ச்சை என்றால் இரண்டு மாநிலத்திலிருந்தும் கைக்குழந்தைகளோடு வருகிறார்கள்.

இசக்கியின் சிலையை ஒருமுறை நின்று பார்க்க வேண்டும். இடுப்பில் ஒரு குழந்தை. வாயில், பல்லுக்கு நடுவே, இன்னொரு குழந்தை. விழி பிதுங்கி, நாக்கு தள்ளி, சுண்ணாம்பும் சிவப்புச் சாயமும் பூசிய உருவம். வெளியூர்க்காரர் யாராவது முதல்முறை பார்த்தால் பிள்ளை தின்னும் ராட்சசி என்றுதான் நினைப்பார். ஆனால் அவள் காலடியில் என்ன குவிந்து கிடக்கிறது? மரத்தில் செய்த குட்டித் தொட்டில்கள், மண்ணில் சுட்ட குழந்தைப் பொம்மைகள், கண்ணாடி வளையல்கள். பிள்ளை வரம் கேட்டு வந்தவர்களும், கிடைத்தபின் நேர்ச்சை செலுத்த வந்தவர்களும் வைத்துவிட்டுப் போனவை. பேறுகாலத்தில் செத்துப்போன பெண்களையும் கொலையுண்ட பெண்களையும் ஊர் மறக்காமல் தெய்வமாக்கி வைத்த கதைகள் வில்லுப்பாட்டில் விடிய விடியப் பாடப்படுகின்றன. அவளிடம் பயமும் உண்டு, பாசமும் உண்டு. இரண்டும் ஒரே இடத்தில் இருக்கலாம் என்பது வெளியிலிருந்து பார்ப்பவருக்குச் சட்டென்று பிடிபடுவதில்லை.

பிடிபடாதவர்கள் எழுதிவைத்ததுதான் பிறகு வரலாறாக நின்றது. திருநெல்வேலியில் ஊழியம் செய்த கால்டுவெல் 1849-ல் வெளியிட்ட நூலில் இந்த வழிபாட்டைப் பேய் வழிபாடு என்றே வகைப்படுத்தினார். பாறசாலையில் லண்டன் மிஷனுக்குப் பெரிய நிலையம் இருந்தது. அந்த மிஷனின் சாமுவேல் மேட்டீர் திருவிதாங்கூரைப் பற்றி 1871-லும் 1883-லும் எழுதிய புத்தகங்களிலும் அதே கண்ணாடிதான். ஒன்றையும் மறைக்க வேண்டாம்: இதே மிஷனரிகள்தான் பள்ளிக்கூடம் கொண்டுவந்தார்கள், தோள்சீலை அணியும் உரிமைக்காகப் போராடிய பெண்களின் பக்கம் நின்றார்கள். ஆனால் மாடனையும் இசக்கியையும் சாத்தானின் பட்டியலில் சேர்த்ததும் அவர்களே.

உள்ளேயிருந்து வந்த விமர்சனம் வேறு ரகம். சாமித்தோப்பு அய்யா வைகுண்டர் பேய்க்கு ஆடு கோழி வெட்டாதே, காணிக்கை கொடுத்து ஏமாறாதே என்றார். நெய்யாற்றங்கரையில், அருவிப்புறத்தில், 1888 சிவராத்திரியன்று ஆற்றிலிருந்து எடுத்த கல்லைச் சிவனாக நிறுவிய நாராயண குரு, பல இடங்களில் மாடன், மறுதை, சாத்தன் போன்ற நாட்டார் தெய்வங்களை எடுத்துவிட்டுச் சிவனையும் முருகனையும் வைத்தார். ஒடுக்கப்பட்ட மக்களின் காசு கள்ளிலும் பலியிலும் கரைவதை நிறுத்துவதும், மேல்சாதிக்காரன் கும்பிடும் சாமியைக் கும்பிட நமக்கும் உரிமை உண்டு என்று நிறுவுவதும்தான் நோக்கம். அதன் பலன் பெரியது. என்றாலும், மாடன் என்றால் சற்று மட்டமான சாமி, வெளியே சொல்லிக்கொள்ள முடியாத சாமி என்கிற கூச்சம் படித்த வீடுகளில் ஒட்டிக்கொண்டதில் இந்தச் சீர்திருத்தத்துக்கும் ஒரு பங்கு உண்டு என்றே எனக்குப் படுகிறது.

இந்தக் கூச்சத்தின் மேல்தான் கடந்த இருபது முப்பது ஆண்டுகளில் ‘பிளாக் மேஜிக்’, ‘சாத்தான் சேவை’ என்ற புது வார்த்தைகள் வந்து உட்கார்ந்தன. 2017 ஏப்ரலில் திருவனந்தபுரம் நந்தன்கோட்டில் ஒரு மகன் குடும்பத்தில் நான்கு பேரைக் கொன்றான். பிடிபட்டதும் ‘ஆஸ்ட்ரல் புரொஜெக்ஷன்’, அதாவது உடலை விட்டு ஆவியைப் பிரிக்கும் முயற்சி, செய்து பார்த்ததாகச் சொன்னான். அவ்வளவுதான்: சாத்தான் வழிபாடு, விக்கா, சூனியம், இணையத்தில் வந்த ரகசிய மதம் என்று எல்லாவற்றையும் ஒரே உலையில் போட்டுக் கிண்டினார்கள். வீட்டாரின் மீதிருந்த வெறுப்பே காரணம் என்று அரசுத் தரப்பு வாதாடி, 2025 மே மாதம் ஆயுள் தண்டனையும் வாங்கித் தந்தது.

விக்காவுக்கும் சாத்தானுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. சாத்தான் என்ற கருத்தே யூத, கிறிஸ்தவ, இஸ்லாமிய மதங்களுக்குள் இருப்பது. அதை நம்பாதவர் அதை எப்படி வணங்குவார்? விக்காவைத் தொடங்கிவைத்த ஜெரால்டு கார்டனர் என்ற ஆங்கிலேயர் பதினாறு வயதில், 1900-ல், இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு வேலைக்கு வந்தவர். பிறகு மலாயாவில் சுங்க அதிகாரி. நம் ஆட்கள் கொழுந்து பறித்த மலைகளிலும் ரப்பர் பால்வெட்டிய தோட்டங்களிலும் பாதி ஆயுளைக் கழித்தவர். பிரிட்டனில் 1735-ம் ஆண்டுச் சூனியச் சட்டம் 1951-ல் ரத்தானபின், 1954-ல் புத்தகம் எழுதித் தம் வழிபாட்டை வெளிப்படையாக அறிவித்தார். ஒரு தேவி, கொம்பு வைத்த ஒரு தேவன், பௌர்ணமிக் கூட்டம், பருவங்களை ஒட்டி ஆண்டுக்கு எட்டுத் திருநாள், யாருக்கும் தீங்கு செய்யாதே என்ற விதி. சினிமாக்காரர் சாத்தான் சின்னமாக்கிவிட்ட ஐந்துமுனை நட்சத்திரம் அவர்களுக்கு நிலம், நீர், தீ, காற்று, ஆவி.

விக்காக்காரர்களிடமும் ஒரு கட்டுக்கதை உண்டு. தங்களுடையது கற்காலத்திலிருந்து தொடர்ந்து வரும் மதம் என்றும், ஐரோப்பாவில் தொண்ணூறு லட்சம் சூனியக்காரிகள் எரிக்கப்பட்டார்கள் என்றும் சிலர் சொல்வார்கள். வரலாற்றாசிரியர் ரொனால்டு ஹட்டன் 1999-ல் எழுதிய நூலில் இது இருபதாம் நூற்றாண்டுப் படைப்பு என்று நிறுவிவிட்டார். கொல்லப்பட்டவர்கள் நாற்பதாயிரத்திலிருந்து அறுபதாயிரம் வரை என்பதே ஆய்வாளர்களின் கணக்கு. புது மதம் என்பதால் பொய் மதம் ஆகிவிடாது. 2021 மக்கள்தொகைக் கணக்கில் இங்கிலாந்திலும் வேல்சிலும் சுமார் 74,000 பேர் தங்களைப் பேகன் என்றும், 13,000 பேர் விக்கா என்றும் பதிவு செய்தார்கள்.

நம் நாட்டிலும் ஒருவர் துணிந்து சொன்னார்: கொல்கத்தாவின் இப்சிதா ராய் சக்கரவர்த்தி. விக்கா என்று அறிவித்துக்கொண்டே 1998-ல் காங்கிரஸ் சார்பில் ஹூக்ளியில் மக்களவைத் தேர்தலிலும் நின்று தோற்றார். ‘டாயின்’ என்று முத்திரை குத்திக் கிராமத்துப் பெண்களை அடித்துக் கொல்லும் கொடுமைக்கு எதிராகப் பேசியவர். அந்தக் கொலைகளைத் தடுக்க பீகார் 1999-லும் ஜார்க்கண்ட் 2001-லும் சட்டம் கொண்டுவந்தன. அங்கே பயங்கரம் செய்தது சூனியக்காரி அல்ல, சூனியக்காரி என்று பட்டம் கட்டிய ஊர்.

சினிமா மட்டும் வேறு திசையில் போகிறது. நாகர்கோவிலை ஒட்டிய கள்ளியங்காட்டின் நீலியை ‘ஐதீகமாலை’ என்ற பழங்கதைத் தொகுப்பின் காலத்திலிருந்தே ரத்தம் குடிக்கும் யட்சியாகத்தான் மலையாளி அறிவான். 2025 ஆகஸ்டில் வந்த ‘லோகா’ படம் அவளைச் சூப்பர் ஹீரோ ஆக்கியது. மலையாளப் படங்களின் வசூல் சாதனையை அது முறியடித்தது. தியேட்டரில் நீலிக்கு விசிலடிக்கும் பையன், இசக்கியின் கொடை விழாவுக்குப் போகும் பாட்டியைக் கேலி செய்யாமல் இருந்தால் சரி.

சாமி வேறு, மோசடி வேறு, கொலை வேறு. செய்வினை எடுக்கிறேன், கூடோத்திரம் தோண்டுகிறேன் என்று தகடும் முட்டையும் புதைத்துவைத்துத் தானே எடுத்துக் காட்டி லட்சக்கணக்கில் கறக்கும் மந்திரவாதிகள் எல்லையின் இரு பக்கமும் இருக்கிறார்கள். அவர்கள் எந்த மாடனின் பூசாரியும் அல்லர், வியாபாரிகள். அவர்களைப் பிடிக்க மகாராஷ்டிரத்தில் 2013-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது, கர்நாடகத்திலும் இருக்கிறது. கேரளத்தில் சட்டச் சீர்திருத்த ஆணையம் 2019-ல் மசோதா தயாரித்துக் கொடுத்தது. எலந்தூருக்குப் பிறகு எல்லாக் கட்சிகளும் அதைப் பற்றி முழங்கின. 2025 ஜூனில் மாநில அரசு உயர் நீதிமன்றத்தில் சொன்ன பதில், சட்டம் கொண்டுவருவதில்லை என்று அமைச்சரவை முடிவெடுத்துவிட்டது என்பது. தமிழ்நாட்டிலும் இப்படி ஒரு தனிச் சட்டம் இல்லை. காவைப் பார்த்துக் கிசுகிசுப்பதை விட்டுவிட்டு, இரண்டு சட்டமன்றங்களிடமும் நாம் கேட்க வேண்டியது அந்தச் சட்டத்தைத்தான்.