ரயில் போன பிறகும் கேட் ஏன் திறப்பதில்லை?

வட சென்னைவாசிகளுக்கு ரயில்வே கேட் என்பது அன்றாட வாழ்வின் ஓர் அங்கம். கொருக்குப்பேட்டைப் பக்கம் கேட்டில் மாட்டிக்கொண்ட எவரையும் கேட்டுப் பாருங்கள், ஒரே கதையைத்தான் சொல்வார்கள். எக்ஸ்பிரஸ் ஒன்று கடந்து போகும், கேட் திறக்காது. சற்று நேரத்தில் பக்கத்துத் தண்டவாளத்தில் சரக்கு ரயில் ஒன்று ஊர்ந்து வரும், பாதி வழியில் நிற்கும், பிறகு வந்த வழியே பின்னோக்கிப் போகும். அப்போதும் கேட் திறக்காது. உடனே நாம் கேட்கீப்பரைத் திட்டத் தொடங்குகிறோம். அவரே நினைத்தாலும் அந்தக் கேட்டைத் திறக்க முடியாது என்பது பலருக்குத் தெரியாது. ஏன் முடியாது என்று பார்ப்போம்.

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்துதான் புறப்பட்டது. பின்னர் துறைமுகம் வந்தது; அதை ஒட்டித் தொழிற்சாலைகளும் கிடங்குகளும் பெருகின. இன்று இந்த வட்டாரத்தில் இரண்டு வகையான பாதைகள் பின்னிக் கிடக்கின்றன. ஒன்று, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் வழியாகக் கூடூருக்குச் செல்லும் மெயின் லைன். மற்றொன்று, அதிலிருந்து துறைமுகத்துக்கும் எண்ணெய்க் கிடங்குகளுக்கும் கன்டெய்னர் நிலையத்துக்கும் பிரியும் கிளைப் பாதைகள். இவற்றையே 'சைடிங்' என்கிறோம். உயர் நீதிமன்ற உத்தரவால் 2011-இல் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறக்குவது நின்றது. நிலக்கரி எண்ணூர்த் துறைமுகத்துக்கு இடம் மாறியது. அங்கிருந்து மேட்டூர் போன்ற அனல்மின் நிலையங்களுக்கு ரயிலில் செல்கிறது.

மெயின் லைன் ரயிலும் சைடிங் ரயிலும் சாலையை மறிக்கும் விதமே வேறு. ஒரு சிறு கணக்குப் போடுவோம்.

மணிக்கு 108 கி.மீ. வேகத்தில் வரும் எக்ஸ்பிரஸ், வினாடிக்கு 30 மீட்டர் கடக்கும். 24 பெட்டிகளும் என்ஜினும் சேர்த்து அதன் நீளம் ஏறத்தாழ 600 மீட்டர். ஆகவே சாலையைக் கடக்க அதற்கு வேண்டியது வெறும் 20 வினாடிதான். ஆனால் அது நிற்க வேண்டுமானால்? இரும்புச் சக்கரத்துக்கும் இரும்புத் தண்டவாளத்துக்கும் இடையே உராய்வு மிகக் குறைவு. லாரியைப் போல் ரயிலைச் சட்டென்று நிறுத்த இயலாது. வினாடிக்கு அரை மீட்டர் வீதம் வேகம் குறைவதாகக் கொண்டால், நிற்பதற்குள் ரயில் 900 மீட்டர் ஓடிவிடும். அதனால்தான் 1 கி.மீ., 2 கி.மீ. முன்னதாகவே எச்சரிக்கை சிக்னல்களை நிறுத்தியிருக்கிறார்கள். ஓட்டுநர் முதல் சிக்னலைப் பார்க்கும் முன்பே கேட் மூடியிருக்க வேண்டும். ஆகவே நீங்கள் ஒன்றரை நிமிடம் வெறும் தண்டவாளத்தைப் பார்க்கிறீர்கள். 20 வினாடி ரயிலைப் பார்க்கிறீர்கள்.

இப்போது நிலக்கரி ஏற்றிய சரக்கு ரயிலுக்கு வருவோம். 58 வேகன்கள், சுமார் 650 மீட்டர் நீளம், 4,500 டன்னுக்கு மேல் எடை. சைடிங்குக்குள் வேகன்களை முன்னும் பின்னும் நகர்த்தும் ஷண்டிங் வேலையில் மணிக்கு 15 கி.மீ.க்கு மேல் போகக் கூடாது. நடைமுறையில் 10 கி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். வினாடிக்கு 2.8 மீட்டர். சாலையைக் கடந்து முடிக்க ஏறத்தாழ 4 நிமிடம் ஆகிவிடும். வேகமான ரயிலுக்காக நாம் காத்திருப்பது அது வருவதற்கு முன். மெதுவான ரயிலுக்காகக் காத்திருப்பது அது வந்த பின். இரண்டும் ஒரே கேட்டில் அடுத்தடுத்து வந்தால் பத்து நிமிடம் எப்படிப் போகிறது என்பது விளங்கும்.

கேட்கீப்பரின் கை கட்டப்பட்டிருப்பது 'இன்டர்லாக்கிங்' என்னும் ஏற்பாட்டினால். கேட்டும் சிக்னலும் ஒன்றையொன்று பூட்டி வைத்திருக்கும். கேட் மூடிப் பூட்டப்பட்டால்தான் சிக்னல் பச்சையாகும். பச்சையான பின் கேட்டின் பூட்டு விடுபடாது. மனம் மாறிச் சிக்னலைச் சிவப்பாக்கினாலும் பொதுவாக 120 வினாடி கழிந்த பிறகே பூட்டு விடும். பச்சையைப் பார்த்துவிட்டு நெருங்கிவரும் ரயில் ஒன்று நிற்கவோ கடக்கவோ தேவையான அவகாசம் அது. நான்கு பாதைகள் ஒரே கேட்டின் வழியே சென்றால், நான்கின் சிக்னல்களும் ஒருசேரச் சிவப்பாக இருக்கும் வேளை வாய்த்தாக வேண்டும்.

பாதையில் ரயில் இருப்பதைச் சிக்னல் எப்படி அறிகிறது? இரண்டு தண்டவாளங்களின் வழியே மிகக் குறைந்த மின்னழுத்தத்தில் மின்சாரம் செலுத்தி, மறுமுனையில் ஒரு ரிலேயை இயக்குகிறார்கள். ரயில் வந்ததும் அதன் அச்சுகள் இரு தண்டவாளங்களையும் இணைத்துவிடும். மின்சாரம் அந்தக் குறுக்கு வழியில் போய்விட, ரிலே கீழே விழும், சிக்னல் சிவப்பாகும். கம்பி அறுந்தாலும் ரிலே விழும், சிவப்புத்தான். பழுதுபட்டால் பாதுகாப்பான பக்கமே சாய வேண்டும் என்ற இந்த யோசனையை நான் மிகவும் ரசிக்கிறேன்.

ஆனால் எண்ணூரின் உப்புக்காற்று இங்கே விளையாடும். தினமும் பல ரயில்கள் ஓடும் மெயின் லைன் தண்டவாளம் கண்ணாடிபோல் பளபளக்கும். எப்போதோ ஒரு முறை வேகன் வரும் சைடிங்கில் துரு படியும். அதன் மேல் நிலக்கரித் தூளும் சேரும். துரு மின்சாரத்தை எளிதில் கடத்தாது. சக்கரம் மேலே நின்றும் இரு தண்டவாளங்களும் சரியாக இணையாமல், 'பாதை காலி' என்று ரிலே நம்பிவிடக்கூடும். இது ஆபத்தான பக்கம் சாயும் பழுது. சக்கரங்களை எண்ணிக் கணக்கு வைக்கும் 'ஆக்சில் கவுன்ட்டர்' கருவிக்குத் துரு ஒரு பொருட்டல்ல. உள்ளே போன அச்சுகளும் வெளியே வந்தவையும் சமமானால்தான் பாதை காலி என்று அது சொல்லும். பல சைடிங்குகளில் எந்திரத்தை நம்புவதும் இல்லை. என்ஜின் கேட்டுக்கு முன் நின்று, பாயிண்ட்ஸ்மேன் இறங்கிச் சாலையை மறித்துக் கொடி காட்டிய பிறகே நகரும்.

சாலையை மறித்து நிற்கும் வேகன்களுக்கு அடியில் சிலர் குனிந்து கடப்பதைப் பார்த்திருப்பீர்கள். நிற்கிற ரயில் என்ன செய்துவிடும் என்பது அவர்கள் எண்ணம். வேகன்களை இணைக்கும் கொக்கிகளில் சில சென்டிமீட்டர் தளர்ச்சி உண்டு. அரை கிலோமீட்டருக்கு அப்பால் என்ஜின் நகரும்போது அதன் ஓசை உங்கள் காதில் விழாமல் போகலாம். ஒவ்வொரு கொக்கியாக இழுபட்டு, உங்கள் தலைக்கு மேலுள்ள வேகன் எந்த முன்னறிவிப்பும் இன்றி வெடுக்கென்று அசையும். மெயின் லைன் எக்ஸ்பிரஸாவது கூவிக்கொண்டு வரும்.

இன்டர்லாக்கிங் இல்லாத கேட்டில் பாதுகாப்பு முழுவதும் மனிதரின் கவனத்தையும் தொலைபேசிப் பேச்சையும் நம்பியிருக்கிறது. 2025 ஜூலை 8 அன்று கடலூர் அருகே செம்மங்குப்பத்தில் பள்ளி வேன் மீது ரயில் மோதி மூன்று மாணவர்கள் இறந்தது அத்தகைய கேட்டில்தான். அதன் பின்னர், எந்தக் கேட்டுக்கு இன்டர்லாக்கிங் தேவை என்ற வரம்பை ரயில்வே அமைச்சகம் 10,000 அலகாகக் குறைத்தது.

அது என்ன அலகு? ஒரு நாளில் கடக்கும் ரயில்களின் எண்ணிக்கையைச் சாலை வாகன அலகுகளின் எண்ணிக்கையால் பெருக்கினால் வருவது. 100 ரயில், 1,000 வாகனம் என்றால் ஒரு லட்சம். மேம்பாலச் செலவை ரயில்வேயும் மாநில அரசும் பகிர்ந்துகொள்வதற்கான அளவு இது. இந்தப் பெருக்கலில் எனக்கு ஒரு குறை உண்டு. 20 வினாடியில் பறக்கும் எக்ஸ்பிரஸும் ஒன்று, 4 நிமிடம் ஊரும் நிலக்கரி ரயிலும் ஒன்று. வட சென்னையில் சாலையை அதிகம் மறிப்பது இரண்டாவது வகை. கேட் மூடியிருந்த நிமிடங்களையும் சேர்த்து எண்ணினால் கணக்கு வேறாக வரும்.

பாலம் கட்டுவதும் எளிதன்று. மின் கம்பிக்கு மேலே செல்ல வேண்டுமாதலால் சாலை 8 மீட்டர் அளவுக்கு உயர வேண்டும். 30 மீட்டருக்கு 1 மீட்டர் என்ற சரிவில் ஏறினால் இருபுறமும் 240 மீட்டர் நீளம் தேவை. மெயின் லைனுடன் சைடிங்குகளையும் தாண்ட வேண்டுமென்றால் பாலம் இன்னும் நீளும். வீடுகள் நெருங்கிய தெருக்களில் அவ்வளவு இடம் எங்கே இருக்கிறது? சுரங்கப்பாதை தோண்டினால் இடம் குறைவாகப் போதும். ஆனால் கடல் மட்டத்தை ஒட்டிய இந்தத் தாழ்ந்த நிலத்தில் ஒவ்வொரு மழைக்கும் பம்பு வைத்துத் தண்ணீர் இறைக்க வேண்டியிருக்கும்.