நிலம் ஆடினும் நிலைக்கும் கட்டடம்

இயற்கையின் சீற்றங்களுள் சொல்லாமல் வருவது நிலநடுக்கம். புயலுக்கு எச்சரிக்கைக் கூண்டு உண்டு, இதற்கு இல்லை.

எளாவூரை அடுத்த பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பத்தில் பிறந்தவன் நான். தரையில் ஊன்றிய கழி தரையோடு ஆடும். நீரில் மிதக்கும் படகோ தரையின் ஆட்டத்தை அறியாது. கட்டடத்தையும் இவ்வாறு தரையினின்று பிரித்து வைக்க முடியுமா?

முடியும். 2001 ஜனவரி 26 அன்று குஜராத் நிலநடுக்கத்தில் புஜ் நகர மாவட்ட மருத்துவமனை இடிந்தது. காயமுற்றோர் நாடிவர வேண்டிய இடமே வீழ்ந்தது! புதிதாய் எழுந்த மருத்துவமனை ரப்பர்த் தாங்கிகள்மீது நிற்கிறது. ரப்பரும் எஃகுத் தகடும் மாறிமாறி அடுக்கி, நடுவே ஈயத்தண்டு செருகிய தாங்கி அது. நியூசிலாந்து அறிஞர் பில் ராபின்சன் கண்டது. எஃகுத் தகடுகள் ரப்பர் பிதுங்காமல் காத்துச் சுமையைத் தாங்கச் செய்யும். ரப்பர் பக்கவாட்டில் நெகிழும். ஈயம் அதிர்வின் ஆற்றலை வெப்பமாக மாற்றும். கட்டடம் மெல்ல, ஏறத்தாழ இரண்டு விநாடிக்கு ஒருமுறை அசைவதால், விரைந்த அதிர்வுகள் அதனை உலுக்குவதில்லை.

அப்படியானால் எங்கள் குப்பத்துக்கும் இதுவே மருந்தா? அன்று. 1985இல் மெக்சிகோ நகரின் பழைய ஏரிப்படுகை அதே இரண்டு விநாடி அலைவில் ஆடியது. இளகிய சேற்று மண்ணில் இத்தாங்கி தீங்காகவும் முடியலாம். எங்கள் சிறு வீடுகளுக்கு அடித்தளத்திலும் சன்னல் மட்டத்திலும் கூரை மட்டத்திலும் சுற்றிவரும் கான்கிரீட் கட்டுப்பட்டையே ஏற்றது.

2002இல் சென்னை மூன்றாம் நிலநடுக்க மண்டலத்தில் சேர்க்கப்பட்டது. ஆதலின் நண்பர்களே, வீடு கட்டுமுன் மண்ணைக் கேளுங்கள்!