கல்லுமலைக்குள் ஒரு கடல்

ஈப்போ: தைப்பூசத்துக்குக் குனோங் சீரோ கல்லுமலை சுப்பிரமணியர் ஆலயம் சென்றவர்கள், அங்கே செங்குத்தாக நிற்கும் சுண்ணாம்புப் பாறையைப் பார்க்காமல் திரும்பியிருக்க முடியாது. அந்தப் பாறை ஒரு காலத்தில் கடலின் அடித்தரை. கோப்பெங் அருகே உள்ள குவா தெம்புரோங் குகையும், கம்பார் வரை சாலையோரம் தெரியும் மற்ற சுண்ணாம்பு மலைகளும் அப்படி உருவானவைதான்.

மலை எப்படிக் கடலாக இருந்திருக்கும்?

நம் பாட்டிமார் வெற்றிலையில் தடவிய சுண்ணாம்பை நினைத்துப் பாருங்கள். கிளிஞ்சலைச் சுட்டு நீற்றினால் கிடைப்பது அது. கிளிஞ்சலும் இந்த மலைகளும் ஒரே பொருளால் ஆனவை. அதன் பெயர் கால்சியம் கார்பனேட். நத்தை, சிப்பி, பவளம் போன்ற கடல் உயிர்கள் இறந்ததும் அவற்றின் ஓடுகள் கடலடியில் படிகின்றன. படிவு மேல் படிவு சேர்ந்து, அழுத்தத்தில் இறுகிக் கல்லாகின்றன.

கிந்தா பள்ளத்தாக்கின் சுண்ணாம்புக்கல் டெவோனியன், கார்போனிஃபெரஸ், பெர்மியன் என்ற மூன்று பழங்காலங்களில் படிந்தது. இவற்றில் கடைசியான பெர்மியன், 29 கோடியே 90 லட்சம் ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 25 கோடியே 20 லட்சம் ஆண்டுகளுக்கு முன் முடிந்தது. டைனோசர்கள் தோன்றியதே அதற்குப் பிறகுதான்.

ஈயம் தேடியபோது கிடைத்த சிப்பிகள்

இந்தக் கடலின் சாட்சியம் வெளியே வந்தது ஈயச் சுரங்கங்களால். கம்பார் வட்டாரத்தில் ஈயத்துக்காக மேல்மண்ணைத் தண்ணீர் பாய்ச்சிக் கரைத்து எடுத்தபோது, அடியிலிருந்த சுண்ணாம்புப் பாறை தெரிய வந்தது. அதில் புதைபடிவங்கள் இருந்தன.

சுந்தரலிங்கம் என்ற நிலவியலாளர், கம்பாருக்கு மேற்கே உள்ள பாறை அடுக்குகளை ஆராய்ந்து 1968இல் கட்டுரை வெளியிட்டார். மலேசிய நிலவியல் கழக ஏட்டின் முதல் இதழில் அது வந்தது. அடுக்குகளுக்கு அங்கிருந்த சுரங்கங்களின் பெயர்களையே அவர் வைத்தார்: தாய் ஓன், கிம் லூங், நாம் லூங், எச்.எஸ். லீ. மூடப்பட்ட சுரங்கங்களின் பெயர்கள் இன்றும் நிலவியல் கட்டுரைகளில் வாழ்கின்றன.

எச்.எஸ். லீ சுரங்கத்தின் பெர்மியன் கால நத்தைகளைப் பற்றி அமெரிக்க ஆய்வாளர் ரோஜர் பேட்டன் 1972, 1979, 1985 ஆகிய ஆண்டுகளில் மூன்று பகுதிகளாக எழுதினார். நத்தைகளோடு, சுருள் ஓடு கொண்ட அம்மோனைட் இன உயிர்களும், சிப்பியைப் போல் தோன்றும் பிராக்கியோபாடுகளும் அங்கே கிடைத்தன. ஃபியூசுலினிட் என்ற ஒற்றைச் செல் உயிரும் உண்டு. ஒரே செல்தான் என்றாலும் அதன் ஓடு அரிசி மணி அளவு இருக்கும்.

ஈப்போவில் ஏன் எளிதில் தெரிவதில்லை?

பெர்மியன் காலத் தொடக்கம் வரை, தீபகற்பத்தின் மேற்குப் பகுதி கோண்டுவானா என்ற பெருங்கண்டத்தின் ஓரமாக இருந்தது. இந்தியாவும் அதே கண்டத்தில்தான் இருந்தது. பின்னர் இந்த நிலத்துண்டு பிரிந்து வடக்கே நகர்ந்து, தீபகற்பத்தின் கிழக்குப் பகுதியோடு மோதியது. அதன் விளைவாக ஆழத்திலிருந்து எழுந்த பாறைக்குழம்பு இறுகி, தித்திவாங்சா மலைத்தொடரின் கருங்கல்லானது. அதன் வெப்பத்தில் பள்ளத்தாக்கின் சுண்ணாம்புக்கல் பெருமளவு பளிங்காக மாறியது; உள்ளே இருந்த ஓடுகளின் வடிவம் அழிந்தது. கம்பார் போன்ற சில இடங்கள் மட்டும் தப்பின.

ஆனால் பள்ளத்தாக்குக்கு ஈயத்தைக் கொடுத்ததும் அதே கருங்கல்தான். ஈயம் இல்லாவிட்டால் ஈப்போவும் கம்பாரும் இப்படி வளர்ந்திருக்காது.

கோண்டுவானா என்றதும் சிலருக்குக் குமரிக்கண்டம் நினைவுக்கு வரலாம். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. மனித இனம் தோன்றி ஏறக்குறைய 3 லட்சம் ஆண்டுகளே ஆகின்றன. நாம் பேசுவது கோடிகளில்.

அந்தக் கடலின் முடிவு

பெர்மியன் காலத்தின் இறுதியில், இன்றைய சைபீரியாவில் மாபெரும் எரிமலை வெடிப்புகள் நிகழ்ந்தன. பூமி சூடேறியது; கடல்நீரில் உயிர்வளி குறைந்தது. கடல் உயிரினங்களில் பத்தில் எட்டு, ஒன்பது வகைகள் அழிந்துபோனதாகக் கணக்கிடுகிறார்கள். கம்பாரில் கிடைத்த ஃபியூசுலினிட்டுகள் அதற்குப் பிறகு உலகில் எங்குமே இல்லை. அவை வாழ்ந்ததற்கு இந்தக் கற்களே சான்று.

அந்தச் சான்றுதான் இப்போது குறைந்து வருகிறது. 1985இல் ஈய விலை சரிந்தபின் சுரங்கங்கள் மூடப்பட்டு, பள்ளங்கள் பலவும் ஈயக்குட்டைகளாகத் தண்ணீருக்குள் போய்விட்டன. இன்னொரு பக்கம், சிமெண்டுக்கும் சாலைக்கும் மலைகள் உடைக்கப்படுகின்றன. நம் வீடுகளும் அந்தக் கல்லில்தான் நிற்கின்றன, பலருக்கு அதில் வேலையும் இருக்கிறது. அதனால்தான் எந்த மலையை உடைக்கலாம், எதை விட்டுவைக்க வேண்டும் என்பதை உடைக்கும் முன்பே ஆராய்ந்து முடிவு செய்ய வேண்டும். 2018இல் கிந்தா பள்ளத்தாக்கு தேசிய நிலவியல் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அந்த அறிவிப்புக்கு உயிர் கொடுப்பது, இந்த மலைகள் என்ன என்று தெரிந்த மக்கள்தான்.

தோட்டத்தில் வளர்ந்த நமக்கு இந்த மலைகள் பால்மரங்களுக்குப் பின்னால் எப்போதும் இருந்தவை. யாரும் நமக்கு அவற்றின் கதையைச் சொல்லவில்லை. நம் பிள்ளைகளுக்காவது சொல்லலாம். ஈப்போ, ஜாலான் சுல்தான் அஸ்லான் ஷாவில் கனிம, நிலவியல் துறையின் அருங்காட்சியகம் இருக்கிறது. பாறைகளையும் புதைபடிவங்களையும் அங்கே பார்க்கலாம். தமிழ்ப்பள்ளி அறிவியல் மன்றங்கள் முன்கூட்டியே கேட்டறிந்து மாணவர்களை அழைத்துச் செல்லலாம்.

வெளியில் எங்காவது கல்லில் சிப்பி வடிவத்தைக் கண்டால் உடைத்து எடுக்காதீர்கள். படம் பிடித்து, இடத்தைக் குறித்துக்கொண்டு அத்துறைக்குத் தெரிவியுங்கள். எந்த இடத்தில், எந்த அடுக்கில் இருந்தது என்பது தெரியாவிட்டால் அதன் வயதைக் கணிப்பது கடினம்.