லோகோ ஒன்று, சிலிண்டர் முப்பது

பம்பலப்பிட்டியில் புதிதாக மிளகாய்த்தூளும் யாழ்ப்பாணக் கறித்தூளும் பக்கற்றில் போட்டு விற்க நினைப்பவர் முதலில் கேட்பது, "லோகோ கீற எவ்வளவு?" என்றுதான். அது ஒருதரம் கொடுத்து முடிகிற காசு. கணக்கு ஏறுவது நிறத்தில்.

பக்கற் அடிக்கும் கிராவ்யூர் அச்சில் நிறத்துக்கு ஒரு சிலிண்டர். 5 நிறம், 2 தூள், 100, 250, 500 கிராம் என 3 அளவு: 5 × 2 × 3 = 30 சிலிண்டர். 2 நிறத்தோடு நிறுத்தினால் 12. இரண்டு தூளுக்கும் பொதுப் பக்கற் அடித்து, தூளின் பெயரை மட்டும் லேபலாக ஒட்டினால் 6. தெளிந்த பிளாஸ்டிக்கில் வெள்ளையும் ஒரு நிறம்தான். அதை எண்ண மறப்பவர்களே அதிகம். அச்சகம் வற் பதிவு செய்ததென்றால் 2024 ஜனவரி முதல் 18 சதவீதம்: 100,000 ரூபாய் பில் 118,000 ஆகும்.

அடுத்தது பார்கோட். 2 தூள், 3 அளவு என்றால் 6 இலக்கங்கள். ஒவ்வொன்றும் 13 எண்கள். இலங்கையில் பெற்றவை 479 என்று தொடங்கும். ஆகச் சிறிதாக்கினாலும் சுமார் 30 × 21 மி.மீ. இடம் வேண்டும். 60 × 80 மி.மீ. லேபலில் அது 13 சதவீதம். மிளகாய்த்தூளாயிற்றே என்று கோடுகளைச் சிவப்பில் அடிக்காதீர்கள்: ஸ்கேனரின் சிவப்பு வெளிச்சத்தில் அவை வெள்ளைத்தாளாகவே தெரியும்.

கடைப் பலகை 12 × 3 அடி, 36 சதுர அடி. மூன்று மொழிக்கும் பங்கிட்டால் ஆளுக்கு 1 அடி உயரம். தொலைபேசி இலக்கமும் மிளகாய்ப் படமும் புகுந்தால், காலி வீதி பஸ்ஸில் போகிறவர் ஒன்றையும் வாசிக்கமாட்டார்.

பெயருக்கு வருவோம். திம்பிரிகசாய பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிந்ததும் பெயர் தமதாகிவிட்டது என்று பலர் நம்புகிறார்கள். இல்லை. வணிகக் குறி 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தில், தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் பதியப்படுவது. வகுப்புகள் 45: பண்டங்களுக்கு 34, சேவைகளுக்கு 11. தூள்வகை 30இல், ஊறுகாய் 29இல், சாப்பாட்டுக்கடை 43இல். மூன்றும் செய்ய நினைப்பவருக்கு மூன்று வகுப்புக் கட்டணம். பிரசுரமான பின் 3 மாதம் எவரும் ஆட்சேபிக்கலாம். பதிவு 10 ஆண்டுக்கு; பிறகு புதுப்பிக்கலாம். 5 ஆண்டு பாவிக்காமல் விட்டால் நீக்கக் கோரலாம்.

"பம்பலப்பிட்டி மிளகாய்த்தூள்" என்று வைத்தால் இடமும் பண்டமும்தான் மிஞ்சும். அப்படிப்பட்ட வெறும் விவரணையைச் சட்டம் ஒருவருக்கென்று கொடுப்பதில்லை. தேயிலை வியாபாரி மெரில் பெர்னாண்டோ தன் மகன்மார் டில்ஹான், மலிக் பெயர்களை வெட்டி ஒட்டி "டில்மா" ஆக்கினார். அந்த வகைப் பெயர்தான் பதிவுக்கு லேசு.

ஆகவே வரிசையை மாற்றுங்கள்: முதலில் பெயர்த் தேடலும் விண்ணப்பமும், பிறகு நிறம், கடைசியில் சிலிண்டர். பெயர் மாறினால் பெயர் அடித்த சிலிண்டரெல்லாம் பழைய இரும்புதான்.