சுண்ணாம்புக் குன்றுகளில் சைக்கிள்

தகவல் துளி. இங்கிலாந்தின் தெற்கே, வின்செஸ்டர் நகரிலிருந்து ஈஸ்ட்போர்ன் கடற்கரை வரை 160 கிலோமீட்டர் நீள்கிறது 'சவுத் டவுன்ஸ் வே'. பச்சைப் புல் போர்த்திய சுண்ணாம்புக் குன்றுகளின் முதுகிலேயே ஏறி இறங்கும் பாதை இது. மலை சைக்கிள்காரர்களுக்குச் சொர்க்கம் என்றே சொல்லலாம். ஆனால் மழை பெய்துவிட்டால் அந்த வெள்ளை மண் சோப்பு போல வழுக்கும். நடுநடுவே துருத்தி நிற்கும் சிக்கிமுக்கிக் கற்களின் கூரிய விளிம்பு டயரைக் கிழித்துவிடும்.

இங்கிலாந்தில் ஒற்றையடிப் பாதைகள் நடப்பவர்களுக்கே உரியவை. குதிரைப் பாதைகளில் சைக்கிள் ஓட்டும் உரிமையை 1968-ம் ஆண்டுச் சட்டம் தந்தது. அதிலும் ஒரு நிபந்தனை: நடப்பவருக்கும் குதிரையில் வருபவருக்கும் சைக்கிள்காரர்தான் வழிவிட வேண்டும். மிக நியாயமான சட்டம்!

ஈஸ்ட்போர்னை நெருங்கும்போது வழி இரண்டாகப் பிரிகிறது. நடப்பவர்கள் கடலோரப் பாறை முகட்டில் போகலாம். சைக்கிள்களுக்கு உள்நாட்டு வழிதான். வழியெங்கும் ஆடுமாடுகள் மேய்வதால், திறந்த கேட்டை மறக்காமல் மூடிவிட்டுச் செல்லுங்கள்.